நட்டவர்கள் போய்விட்டார்கள், தண்ணீர் ஊற்றுவது யார்?

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,



மரங்களைப் பற்றி மடல் எழுதுபவர்கள் மாநகராட்சி ஆணையருக்கோ வனத்துறைக்கோ எழுதுவதுதான் வழக்கம். நான் உங்களுக்கு எழுதுகிறேன். சென்னையில் மரம் நட மாநகராட்சி இருக்கிறது, தன்னார்வ அமைப்புகள் இருக்கின்றன, சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் தர நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் நட்ட கன்றின் எதிரிலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் நீங்கள்தான். அரசும் அமைப்புகளும் கைகோத்துப் போடுகிற ஒப்பந்தங்களில் பெரும்பாலும் உங்கள் பெயர் இருப்பதில்லை. அது இருக்க வேண்டும், நீங்களே கேட்டு அதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

2016 டிசம்பர் 12 உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வர்தா புயல் நகரின் மேலேயே கடந்துபோன நாள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. கிண்டி தேசியப் பூங்காவிலும் ஐஐடி வளாகத்திலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் காடே கலைந்து கிடந்தது. தெருக்களில் பெருங்கொன்றை, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி என்று நமக்குப் பழகிய நிழல் மரங்கள் கார்களின் மேலும் மின்கம்பங்களின் மேலும் விழுந்து கிடந்தன. பால் வாங்கப் போகக்கூட வழியில்லாமல், அக்கம்பக்கத்தார் சேர்ந்து கத்தியும் ரம்பமுமாகக் கிளைகளை வெட்டி ஒதுக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அன்று சாய்ந்து கிடந்த மரங்களின் அடிப்பகுதியை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். ஐம்பது அடி உயர மரம், ஆனால் மண்ணோடு பெயர்ந்து நின்ற வேர்ப்பகுதி நான்கடிக்கு நான்கடிதான். அதன் ஓரங்கள் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. ஒரு பக்கம் சாலையின் கான்கிரீட் விளிம்பு, ஒரு பக்கம் மழைநீர் வடிகாலின் சுவர், இன்னொரு பக்கம் கேபிள் பதிக்கத் தோண்டிய பள்ளம். வேர் போக வழியே இல்லை. சில மரங்களுக்கு ஆணிவேரே கிடையாது. கிளையை வெட்டிப் போத்தாக நட்டு வளர்த்தவை அவை. வேறு சில மரங்களில், மின்கம்பி போகிற பக்கத்துக் கிளைகளை மட்டும் ஆண்டுதோறும் வெட்டி, மறுபக்கத்தை அப்படியே விட்டதால் பாரம் முழுதும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தது. காற்று தள்ளியது உண்மை. விழுகிற நிலையில் அவற்றை வைத்திருந்தது இந்த நகரம்.

வெளிநாட்டு மரங்கள் விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன என்று அதன் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. அதில் பாதி உண்மை இருக்கிறது. பெருங்கொன்றைக்கும் மயில்கொன்றைக்கும் கிளைகள் எளிதில் முறியும். ஆனால் வேம்பும் விழுந்தது. எந்த மரமானாலும் வேருக்கு மண் வேண்டும். நாட்டு மரக்கன்றைக் கொண்டுவந்து அதே நான்கடிக் குழிக்குள் அடைத்தால் இன்னும் இருபது ஆண்டில் இன்னொரு புயலுக்கு அதுவும் விழும்.

புயலுக்குப் பிறகு நடும் வேலை மும்முரமாக நடந்தது. இன்றும் நடக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் வன, மரப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. மாநகராட்சி கோட்டூர்புரத்திலும் வளசரவாக்கத்திலும் தொடங்கிப் பல இடங்களில் மியாவாக்கி முறையில் அடர்காடுகளை நட்டது. நிறுவனங்களும் கல்லூரிகளும் அமைப்புகளும் ஆண்டுதோறும் கன்று நடுகின்றன. நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. நடுகிற நாளிலும், நட்ட பிறகு கன்றைக் கைவிடுவதிலும்தான் குறை.

முதலில் நடுகிற நாளை எடுத்துக்கொள்வோம். கன்று நடும் விழாக்களில் பெரும்பாலானவை ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் நடக்கின்றன. கேரளத்தில் அன்று தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும். சென்னையில் கத்திரி வெயில் அப்போதுதான் முடிந்திருக்கும், ஆனால் வெயில் முடிந்திருக்காது. ஜூலை முதல் வாரத்து வனமகோற்சவமும் வடக்கின் மழைக்கணக்கை ஒட்டியது. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் இரண்டு மாத மழையில் வேர் இறங்கிவிடும். அடுத்த சித்திரையைத் தாங்க அதற்குத் தெம்பு இருக்கும். ஜூன் மாதம் நட்ட கன்று முதல் வாரத்திலிருந்தே மனிதக் கையை நம்பி இருக்கிறது. அந்தக் கை அன்று மாலையே பேருந்தில் ஏறிப் போய்விடுகிறது.

பிறகு நடப்பதை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். கூண்டு இருக்கும், உள்ளே கன்று பட்டுப்போயிருக்கும். கூண்டைச் சற்று நகர்த்தி அந்தக் குச்சியை மெல்ல இழுத்துப் பாருங்கள். சில இடங்களில் நாற்றங்காலிலிருந்து வந்த கறுப்பு பாலித்தீன் பையோடு சேர்ந்தே மேலே வரும். பையைக் கிழிக்காமலே நட்டிருக்கிறார்கள். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முடிச்சாகிக் கிடக்கும். கன்று பிழைத்த இடங்களில் இன்னொரு காட்சி. மரம் பருத்துவிட்டது, கூண்டை எடுக்க யாரும் வரவில்லை. இரும்புக் கம்பி பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே பதிந்திருக்கும். அதன் மேல் மரம் வீங்கிப் புடைத்திருக்கும். அந்தக் கூண்டின் மேல் அதை வழங்கிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்கும். கன்றுக்குப் பணம் இருந்தது, கூண்டுக்குப் பணம் இருந்தது, பலகைக்கும் இருந்தது. மூன்று ஆண்டு கழித்து ஒருவர் குறடு எடுத்துவந்து கம்பியைக் கழற்றும் வேலையை யாருக்கும் ஒப்படைக்கவில்லை.

நட்டதோடு நிற்காமல் வளர்த்தும் காட்டிய ஊர்கள் இருக்கின்றன. தடுக்கி விழுந்த ஊர்களும் இருக்கின்றன. இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

நியூயார்க் நகரம் 2007இல் பத்தாண்டுகளுக்குள் பத்து லட்சம் மரம் நடப்போவதாக அறிவித்தது. அன்றைய மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் நிர்வாகமும், பாடகியும் நடிகையுமான பெட் மிட்லர் 1995இல் தொடங்கிய நியூயார்க் ரெஸ்டோரேஷன் புராஜெக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பும் சேர்ந்து இறங்கின. யார் எதைச் செய்வது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள். தெருவோரம், பூங்கா போன்ற பொது இடங்களில் ஏறத்தாழ எழுபது சதவீத மரங்கள் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. வீட்டு முற்றம், வளாகங்கள் போன்ற தனியார் இடங்களில் மீதி முப்பது சதவீதம் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் ஏற்றது. எங்கே முதலில் நடுவது என்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். மரம் குறைவாகவும் குழந்தைகளிடையே ஆஸ்துமா அதிகமாகவும் இருந்த கிழக்கு ஹார்லெம், ஹன்ட்ஸ் பாயின்ட் போன்ற ஆறு பகுதிகளுக்கு முன்னுரிமை தந்தார்கள். பத்து லட்சமாவது மரம் 2015 நவம்பரில், குறித்த கெடுவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, பிராங்க்ஸில் நடப்பட்டது.

இந்தச் சாதனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்நகரத்தின் கணக்கு. 1999க்கும் 2003க்கும் இடையில் நட்ட தெருமரங்களில் 13,405 மரங்களை 2006, 2007 ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். 74 சதவீதம்தான் உயிரோடு இருந்தன. அத்தனை பணமும் ஆளும் உள்ள நகரத்திலேயே நான்கில் ஒன்று போய்விட்டது. எங்கே பிழைத்தது, எங்கே பிழைக்கவில்லை என்றும் பார்த்தார்கள். தனி வீடுகள் உள்ள குடியிருப்புத் தெருக்களில் 83 சதவீதத்தை ஒட்டிப் பிழைத்திருந்தது. ஆலைப் பகுதிகளில் 60 சதவீதத்தை ஒட்டித்தான். அதே நகராட்சி, அதே நடும் முறை. மரத்தடியில் யாரோ கவனிக்கிற அடையாளம் இருந்த இடங்களில் மரம் நிலைத்தது. அந்த மண்ணைக் கொத்திவிட்டிருந்தார்கள், பூச்செடி வைத்திருந்தார்கள். இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்கு இதைவிட வலுவான காரணம் என்னிடம் இல்லை.

இன்னொரு பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ். 2006இல் அந்நகர மேயர் அந்தோனியோ வில்லராய்கோசாவும் பத்து லட்சம் மரம் என்றே அறிவித்தார். 2013இல் அவர் பதவிக்காலம் முடிந்தபோது எண்ணிக்கை நான்கு லட்சத்தை ஒட்டி நின்றது. அதிலும் பெரும் பங்கு மக்களுக்கு இலவசமாகக் கொடுத்த கன்றுகள். கொடுத்த கன்று மண்ணுக்குப் போனதா, போனது நின்றதா என்ற கணக்கு தெளிவாக இல்லை. இலவசக் கன்று விநியோகம் என்ற பேனரைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டனின் கதை வேறு வகை. 1999இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், அந்நகரின் மரப்போர்வை கால் நூற்றாண்டில் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களோடு எழுதியது. அதைப் படித்து வருந்திய பெட்டி பிரவுன் கேசி என்ற பெண்மணி ஐந்து கோடி டாலர் நிதி அளித்தார். அந்த நிதியில் பிறந்த கேசி ட்ரீஸ் என்ற அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நகர நிர்வாகத்தோடு சேர்ந்து மரம் நடுகிறது. 2032க்குள் நகரின் நாற்பது சதவீதத்தை மரநிழலாக்குவது அங்கே இலக்கு. கூட்டாளி என்பதற்காக அந்த அமைப்பு வாயை மூடிக்கொள்வதில்லை. மரம் காத்ததில், நட்டதில், பராமரித்ததில் நகரம் எப்படிச் செய்தது என்று தன் அறிக்கை அட்டையில் மதிப்பெண் போட்டு ஊரறிய வெளியிடுகிறது. நிர்வாகத்தோடு கைகோத்து நடப்பதும் அதன் தவறைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சேர்ந்து வேலை செய்கிறவருக்குத்தான் தவறு எங்கே என்று சரியாகத் தெரியும்.

நம் ஊரிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டிய பொதுப்பணித்துறை நிலம் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 2006இல் அதை எடுத்துக்கொண்டு நிழல் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் அரசு இசைவோடு வேலை தொடங்கினார்கள். இன்று அது நாட்டு மரங்கள் செழித்த மரப்பூங்கா. அந்த இடம் மாறியதற்கு ஒரு நாள் விழா காரணமில்லை. வார இறுதிக் காலைகளில் மக்கள் வந்தார்கள், களை பிடுங்கினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், மறு வாரமும் வந்தார்கள். நிலம் அரசுடையது, அறிவு அமைப்புடையது, உழைப்பு ஊர்க்காரர்களுடையது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பூங்கா இல்லை.

தெருவுக்கும் இதே கணக்குதான். மாநகராட்சியிடம் இடமும் சட்டமும் லாரியும் இருக்கின்றன. ஆனால் 426 சதுர கிலோமீட்டர் நகரத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் அதனால் ஆள் வைக்க முடியாது, பொறுப்பில் இருக்கும் அதிகாரியும் மாறிப் போய்விடுவார். அமைப்புகளிடம் எந்த மண்ணில் எது வரும் என்ற அறிவு இருக்கிறது; நடைபாதையில் ஒரு கல்லைப் பெயர்க்கக்கூட அதிகாரம் இல்லை. நிறுவனங்களிடம் பணம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு மார்ச் 31க்குள் கணக்குக் காட்ட வேண்டும். உங்களிடம் இருப்பது காலம். அதே தெரு, அதே வாசல், அதே வாட்ச்மேன், அதே குழாய்.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். எல்லாச் சங்கக் கூட்டங்களிலும் எழுகிற தயக்கங்கள்தான், அவற்றில் நியாயமும் இருக்கிறது. இலை உதிர்ந்து குப்பையாகிறது. வேர் சம்ப்பை உடைக்கிறது. தெருவிளக்கை மறைக்கிறது. புயலில் கார் மேல் விழுகிறது. இவற்றில் பெரும்பாலானவை தவறான மரத்தைத் தவறான இடத்தில் வைத்ததால் வருபவை. மதில் ஓரத்தில் ஆலும் அரசும் வைக்கக் கூடாது. அவை ஏரிக்கரைக்கும் பெரிய பூங்காவுக்கும் உரியவை. மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, சரக்கொன்றை போன்ற அளவோடு வளர்பவை போதும். குறுகிய தெருவுக்கு மகிழம் நல்லது. மெல்ல வளரும், ஆனால் அடர்ந்த நிழல் தரும். கடலோரப் பகுதிகளுக்குப் புன்னையும் பூவரசும். அகலமான சாலைக்கு வேம்பு, நாவல், இலுப்பை, நீர்மருது. உதிர்ந்த இலையை எரிக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டால் குப்பை குறையும், கோடையில் மண் ஈரமும் காக்கும். புயலில் விழும் என்ற பயத்துக்கும் மருந்து வேருக்கு மண் விடுவதும் முறையாகக் கவாத்து செய்வதும்தான். உச்சியை மொட்டையடிப்பது கவாத்து ஆகாது. வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் கிடையாது, அடுத்த காற்றில் முதலில் முறிவது அவைதான்.

நிழல் ஒரு அழகுச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் மதியம் ஒரு மணிக்கு உங்கள் தெருமுனைக்குப் போய்ப் பாருங்கள். இஸ்திரி வண்டி எங்கே நிற்கிறது? ஆட்டோ ஸ்டாண்டு எங்கே இருக்கிறது? செருப்புத் தைக்கிறவர், இளநீர்க்காரர், உணவு கொண்டுவரும் இளைஞர்கள், சாலை பெருக்கும் அம்மாக்கள் எல்லோரும் எங்கே ஒதுங்குகிறார்கள்? மரத்தடியில்தான். அந்த மரம் போனால் அவர்களுக்கு ஒண்ட இடமில்லை, சிலருக்குத் தொழிலே இல்லை.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் தெருவில் மரம் நட யார் வந்தாலும், மாநகராட்சியோ அமைப்போ நிறுவனமோ, ஒரு பக்க ஒப்பந்தத்தை முன்வைத்துக் கையெழுத்துக் கேளுங்கள். அதில் ஆறு விஷயங்கள் இருக்கட்டும்.

முதலாவது, இடமும் இனமும். எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில் எந்த மரம் என்று வரைபடத்தோடு எழுத வேண்டும். நடுவது மழைக்கு முன்பான வாரங்களில் இருக்க வேண்டும். குழி மூன்றடி ஆழ அகலத்துக்குக் குறையக் கூடாது, பை கிழித்து அகற்றப்பட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். முதல் மூன்று கோடைக்கு யார் ஊற்றுவது என்று பெயரோடு எழுதுங்கள். ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு மூன்று குடம் போதும். அதைச் சங்கம் ஏற்கட்டும். கடுமையான மாதங்களில் சுத்திகரித்த கழிவுநீரை லாரியில் தருவதை மாநகராட்சி ஏற்கட்டும்.

மூன்றாவது, வேருக்கு இடம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அதே அளவை நம் தெருவுக்கும் கேளுங்கள். சாலை போடும்போதும் பேவர் கல் பதிக்கும்போதும் ஒருவர் அருகில் நின்று அந்த ஒரு மீட்டரைக் காக்க வேண்டும். பதித்த பிறகு பெயர்ப்பது யாராலும் ஆகாது.

நான்காவது, தோண்டுவதற்கு முன் தகவல். மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின்சாரம், கேபிள் என்று எந்தத் துறை பள்ளம் எடுத்தாலும் மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சங்கத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு பக்க வேர் முழுவதையும் அறுத்த மரம் இலை பசுமையாக நிற்கும், மழையில் மண் இளகியதும் சாயும்.

ஐந்தாவது, கூண்டும் கவாத்தும். கூண்டை எப்போது அகற்றுவது, முட்டுக்கொம்பை எப்போது எடுப்பது, கிளையை யார் மேற்பார்வையில் வெட்டுவது என்று தேதியோடு எழுதுங்கள்.

ஆறாவது, கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று எண்ணிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நிறுவன நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, மூன்றாம் ஆண்டு எண்ணிக்கையைப் பார்த்து அமைப்புக்குக் கொடுக்கும்படி கேளுங்கள். நட்டதற்குப் பணம் தருகிற வரை நடுவார்கள். பிழைத்ததற்குப் பணம் தந்தால் வளர்ப்பார்கள்.

எண்ணுவதைச் சாதாரண வேலையாக நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் பத்தாண்டுக்கு ஒருமுறை தெருமரக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 கணக்கெடுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள். முடிவில் 6,66,134 மரங்கள் என்று ஒற்றை மரம் வரை சொல்ல முடிந்தது. நம் நாட்டில் வன அளவைத் துறையின் 2021 அறிக்கை சென்னையின் பசுமைப் பரப்பை ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் என்கிறது. அந்தக் கணக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்புகளை வானிலிருந்து அளப்பது. உங்கள் வாசலில் தனியாக நிற்கிற பூவரசு அதில் வராது. அதை நீங்கள்தான் எண்ண வேண்டும். எண்ணி வைத்திருந்தால்தான் ஒருநாள் காலையில் அது காணாமல் போகும்போது, இருந்தது என்று சொல்லக் கையில் தாள் இருக்கும்.

உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2021 அரசாணைப்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. அரசு நிலத்து மரத்தை வெட்டுவதற்கு முன் விண்ணப்பம் அங்கே போக வேண்டும். 2022 விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. பகுதி சபையில் சாலையையும் குப்பையையும் பற்றிப் பேசுகிற நீங்கள், மரத்தையும் பொருளாக வையுங்கள். கவுன்சிலர் முன்னிலையில் தீர்மானமாக எழுதிய ஒரு வரிக்கு, ஆணையருக்கு அனுப்பிய பத்து மனுவின் பலம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கம் இருக்கிற தெருக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நிழல் இருக்கிற தெருக்கள். அடையாறும் பெசன்ட் நகரும் நுங்கம்பாக்கமும் வெட்டினாலும் கொஞ்சம் மிச்சம் உள்ள பகுதிகள். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வீடுகள் நெருங்கி, நடைபாதையே இல்லாத சந்துகளில், நடுப்பகல் வெயில் தகரக் கூரை வழியாக உள்ளே இறங்குகிறது. அங்கே மரம் வைக்க இடம் தேட வேண்டும். பள்ளி மைதானம், ரயில்வே ஓரம், கோயில் வளாகம், மசூதி முற்றம், குடியிருப்பு வாரியக் கட்டடங்களின் இடைவெளி என்று தேடினால் கிடைக்கும். வசதியுள்ள சங்கங்கள் ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ஒரு பகுதியோடு கைகோக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அனுபவத்தையும், உங்களுக்கு நிறுவனங்களிடமும் அதிகாரிகளிடமும் உள்ள அறிமுகத்தையும் அப்பகுதி மக்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். அங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் எங்கே எந்தக் கன்று நிற்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிவார்கள். தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அவர்களுக்குக் கூலி கிடைக்கும்படி நிறுவன நிதியில் வழி செய்யுங்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள தெருவில் இலவசமாகக் குடம் சுமக்கச் சொல்வது நியாயமில்லை.

இத்தனையும் மக்கள் தலையில் வைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. தெருவோர மரம் பொதுச் சொத்து. அதைக் காப்பது மாநகராட்சியின் கடமை, அதற்காகத்தான் வரி கட்டுகிறோம். நம் பங்கைச் செய்துவிட்டுக் கேட்கிற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. இருபது கன்றுக்கு மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றிய சங்கம், வேரை அறுத்த ஒப்பந்ததாரர் மீது நடவடிக்கை எங்கே என்று கேட்டால் அந்தக் கேள்வியின் எடையே வேறு.

அடுத்த பொதுக்குழுவில் இந்த மடலை வாசியுங்கள். உங்கள் தெருவின் மரங்களை எண்ண இரண்டு பேரை நியமியுங்கள். பட்டுப்போன கன்றுகளின் இடங்களைக் குறித்து, உங்கள் வார்டு அலுவலகத்துக்கும் மரம் நடுகிற ஒரு அமைப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, மூன்று தரப்பும் உட்காரும் கூட்டத்துக்கு நாள் கேளுங்கள். புரட்டாசிக்குள் ஒப்பந்தம் கையெழுத்தானால் ஐப்பசி மழைக்கு முன் குழி தயாராகிவிடும். முதல் ஆண்டில் பத்துக் கன்று போதும். அந்தப் பத்தும் மூன்றாவது சித்திரையைத் தாண்டி நின்றால், அடுத்த ஆண்டு உங்கள் சங்கத்தைத் தேடி மாநகராட்சியே வரும்.

அன்புடன்,
உங்களைப் போலவே சென்னையில் குடியிருக்கும் ஒருவர்